பொங்கல் கோழி அடையில் உட்கார்ந்த வருஷம்

மூன்றாவது முறை வாய்க்காலில் முக்கி எடுத்தபோது அந்தக் கோழி என்னைக் கொத்தவில்லை. சிறகை அடித்துக்கொள்ளவும் இல்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட என் கையில் தொங்கிக்கொண்டு ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தது. 'முடிஞ்சுதா உன் வேலை?' என்று கேட்பது மாதிரி இருந்தது எனக்கு.

மார்கழி மாசம். பொழுது விடிந்து வெகுநேரம் ஆகியும் பனி விலகவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சம்பா கதிர் தலை சாய்ந்து நின்றது. கை இரண்டும் விறைத்துவிட்டன, புடவை முழங்கால் வரை நனைந்துவிட்டது. கோழியைக் கரையில் விட்டேன். உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு அது வீட்டைப் பார்த்து நடந்தது. ஓடவில்லை, நடந்தது. நான் அதன் பின்னாலேயே போனேன்.

மாட்டுக்கொட்டகை மூலையில், பழைய வைக்கோலுக்கு நடுவில், அதே இடத்தில் போய் ஈர உடம்போடு உட்கார்ந்துகொண்டது. அடியில் முட்டை என்று ஒன்றுகூடக் கிடையாது. வறட்டி உடைசல் ஒன்று கிடந்தது. அதைத்தான் பதினைந்து நாளாக அடைகாத்துக்கொண்டிருந்தது.

நானும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. கோழிக்காக அழுதாளாம் என்று நீங்கள் சிரிப்பீர்கள். பொங்கலுக்கு இருபது நாள்கூட இல்லை. அந்தக் கோழியை நம்பித்தான் எங்கள் எட்டு மா நிலம் நின்றது.

மூக்கில் இறகு

எட்டு மா என்றால் இரண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. எங்களுடையது என்று சொன்னேனே தவிர, குத்தகை நிலம்தான். மன்னார்குடிக்குப் போகிற சாலையை விட்டு உள்ளே, வெண்ணாற்றுப் பாசனத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. என் வீட்டுக்காரர் வைரக்கண்ணுவின் தகப்பனார் காலத்திலிருந்து அதே நிலம், அதே பண்ணை. எனக்குக் கல்யாணமாகி அப்போது நாலு வருஷம் ஆகியிருக்கும். ஆட்சி மாறியும் ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். தேதியெல்லாம் கேட்காதீர்கள். போன வாரம் நடவு ஆட்களைப் பற்றி எழுதியதற்கு, எந்த வருஷம் என்று கேட்டு மூன்று பேர் கடிதம் போட்டிருக்கிறார்கள். எட்டாவது வரைக்கும் படித்தவள் நான், பஞ்சாங்கம் இல்லை.

அந்தக் கார்த்திகையில் ஊரில் வெள்ளைக்கழிச்சல் வந்தது. காலையில் நன்றாக மேய்ந்த கோழி மாலையில் கழுத்தைத் திருகிக்கொண்டு விழும். என்னிடம் இருந்த பதினொன்றில் பத்து போய்விட்டது. சேவல் போயிற்று. பொங்கலுக்கென்று பார்த்துப் பார்த்து வளர்த்த இரண்டு இளம் வெடைக்கோழியும் போயிற்று. தப்பியது இந்தச் சாம்பல் நிறக் கோழி ஒன்றுதான். சாகாமல் பிழைத்ததே என்று சந்தோஷப்படுவதற்குள் அடையில் உட்கார்ந்துவிட்டது.

அடைக்கோழி வளர்த்தவர்களுக்குத் தெரியும். அது இரை எடுக்காது. நாளைக்கு ஒரு தரம் எழுந்து நாலு நெல்லைக் கொத்திவிட்டு மறுபடி போய் உட்காரும். கொண்டை வெளுக்கும், நெஞ்செலும்பு துருத்தும், வயிற்று மயிரைத் தானே பிடுங்கிப் போட்டுக்கொள்ளும். கையில் தூக்கினால் வெறும் இறகு மூட்டைதான். அப்படி ஒரு கோழியை மிராசுதாரின் பெரிய வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா?

எங்கள் ஊர்களில் முட்டை வாங்க வருகிற பாத்திமுத்து அக்காதான் எனக்குக் கோழி வைத்தியம் சொன்னவர். கூத்தாநல்லூர் பக்கத்திலிருந்து கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்து வருவார்.

"தண்ணியில முக்கு. சூடு எறங்குனா அடை தெளியும்" என்றார் முதலில்.

முக்கினேன், பலிக்கவில்லை.

"அப்ப அது சிறகுலேருந்தே ஒரு எறகைப் புடுங்கி, மூக்குல இந்தப் பக்கம் வுட்டு அந்தப் பக்கம் எடுத்துடு. அந்த ஒறுத்தல்ல எழுந்து ஓடும்."

செய்தேன். இறகைத் தரையில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தது, தும்மியது. பிறகு மூக்கில் இறகோடு போய் உட்கார்ந்துகொண்டது. பார்க்க ரொம்ப மரியாதையான ஆள் மாதிரி இருந்தது.

வைக்கோலை எடுத்துவிட்டு வெறுந்தரையில் பஞ்சாரக் கூடையைப் போட்டுக் கவிழ்த்தேன். காலில் கயிறு கட்டிக் களத்தில், வெயிலில் விட்டேன். மண்வெட்டியைப் போட்டால் மண்வெட்டி மேல் உட்கார்ந்தது. என் வீட்டுக்காரர் தலைத்துண்டைச் சுருட்டி வைத்துவிட்டுக் கால் கழுவப் போனால், திரும்பி வருவதற்குள் துண்டின் மேல் உட்கார்ந்தது.

"அடிக்காத தையலு, அதுக்கு என்ன தெரியும்?" என்பார் அவர். என் பெயர் தையல்நாயகி. அவருக்கு யாரையும் அடிக்கத் தெரியாது, அதட்டவும் தெரியாது. அந்த நாளில் எனக்கு அதுதான் பெரிய ஆத்திரம்.

என் தங்கை பேத்தி இப்போது ஒரத்தநாட்டில் மாட்டு டாக்டருக்குப் படிக்கிறாள். "அது ஹார்மோன்" என்றாள் போன மாசம். இருக்கட்டும். அப்போது நாங்கள் அதற்கு வைத்திருந்த பெயர் திமிர்.

வாங்குகிறவனும் கொடுக்கிறவனும்

ஒரு கோழிக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் வழக்கம் தெரிந்தால்தான் விளங்கும்.

போகி அன்று காலையில் குத்தகைக்காரர்கள் எல்லாரும் பெரிய வீட்டுக்குத் தட்டு கொண்டுபோவார்கள். ஒரு சீப்புப் பழம், ஒரு பூசணிக்காய், இரண்டு கரும்பு, ஒரு கோழி. மிராசுதார் வெளியே வந்து தட்டைத் தொட்டு, "எடுத்து உள்ளே வை" என்பார். பதிலுக்கு ஒரு துண்டு கொடுப்பார். அவ்வளவுதான். அடுத்த வருஷமும் நிலம் உனக்கு என்று அர்த்தம். அதற்கு ரசீது கிடையாது, எழுத்து கிடையாது. குத்தகை நெல்லை அளந்து போட்டதற்கே யாரும் எங்களுக்கு ரசீது கொடுத்ததில்லை.

பண்ணையாட்களுக்கு வேறு நாள், வேறு முறை. பொங்கலுக்கு மறுநாள் அவர்கள் போவார்கள். நெல்லும் வேட்டியும் வாங்கிக்கொண்டு வருவார்கள். பண்ணையாள் வாங்குவான், குத்தகைக்காரன் கொடுப்பான். இதைச் சின்னக் குழந்தையும் சொல்லும்.

மிராசுதார் தட்டைத் தொடாவிட்டால் நிலம் போயிற்று. அதற்கும் வாய்ச்சொல் கிடையாது.

எனக்கு இது நன்றாகத் தெரியும். என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் என் அப்பா தட்டோடு போனார், தட்டோடு திரும்பி வந்தார். பெரிய தெரு வழியாகத்தான் வர வேண்டும். வழியில் இருந்தவர்கள் எல்லாரும் அவர் கையைப் பார்த்தார்கள், யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பூசணிக்காயை அம்மா நாலு நாள் சமைத்தாள். தூக்கிப் போட மனசு வரவில்லை அவளுக்கு. அப்பா அதற்கப்புறம் தஞ்சாவூரில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கப் போனார். இன்றைக்கும் எனக்குப் பூசணிக்காய் தொண்டையில் இறங்காது.

சிங்காரத்தின் கரை வேட்டி

எங்களுக்குப் பக்கத்து வயல் சிங்காரத்துடையது. அதே பண்ணை, அதே குத்தகை, பத்து மா. கட்சிக் கரை போட்ட வேட்டி கட்டுவார். டீக்கடையில் பேப்பரைச் சத்தம் போட்டுப் படிப்பார். நல்ல மனுஷர், நல்ல உழைப்பாளி. என் வீட்டுக்காரர் காய்ச்சலில் கிடந்த வருஷம் எங்கள் நாற்றங்காலுக்கு அவர்தான் தண்ணீர் கட்டினார். அவர் மனைவி செல்லம்மா என்னைவிட இரண்டு வயது சின்னவள். அதிகம் பேச மாட்டாள்.

அந்த வருஷம் ஜில்லாவின் கீழ்க்கோடியில் அறுவடைக்குக் கூலி கேட்டுத் தகராறு. கொடி கட்டிக்கொண்டு ஒரு பக்கம், அடியாட்களோடு ஒரு பக்கம், நடுவில் போலீஸ் லாரி. எங்கள் ஊருக்கு அது வரவில்லை. வந்தது வேறு. குத்தகைக்காரர்கள் பெயரையெல்லாம் சர்க்கார் பதிவு செய்யப்போகிறது, பதிவாகிவிட்டால் யாரும் நிலத்தை விட்டு எழுப்ப முடியாது என்று பேச்சு வந்தது. அதைக் கேட்டதும் அக்கம்பக்கத்து மிராசுதார்கள் உஷாரானார்கள். 'எல்லாம் என் சொந்தப் பண்ணை, இவனுங்க கூலிக்கு உழுறவனுங்க' என்று சொல்லத் தொடங்கினார்கள்.

நான் கோழியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் சிங்காரம் வேலியோரம் நின்று சிரித்தார்.

"என்ன தங்கச்சி, கோழிக்கு மூக்குத்தி போட்டிருக்க?"

"போகிக்குள்ள தேத்தணுமே அண்ணே."

"எதுக்கு? இன்னும் எத்தனை நாளைக்கு அவன் வாசல்ல கோழியைத் தூக்கிக்கிட்டு நிக்கறது? நம்ம ஆட்சி வந்தாச்சு. பேரு பதிவாவப்போவுது. நான் இந்த வருஷம் போவல. வைரக்கண்ணுவையும் போவ வேணாம்னு சொல்லு."

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் இரண்டு நாள் யோசித்தார். கடைசியில், "சிங்காரம் சொல்றது நியாயந்தான். ஆனா எனக்குப் பயமா இருக்கு" என்றார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அப்பா தெருவில் வந்த வருகை என் கண்ணை விட்டுப் போகவில்லை. சிங்காரத்துக்கு அப்படி எதையும் பார்க்க நேர்ந்ததில்லை.

போகி

கோழி தெளியவில்லை. ஊரில் தப்பிய நாலைந்து கோழிகளை யாரும் விற்கவும் தயாரில்லை. "கோழி இல்லாமலே போவோம்" என்றார் அவர். அரைத் தட்டு கொண்டுபோவதற்குப் போகாமலே இருக்கலாம் என்றேன் நான். எங்கள் வீட்டில் முடிவெடுக்கிற வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். எனக்கு அலுத்துப்போயிருந்தது.

வாழை நாரால் கோழியின் காலைக் கட்டினேன். ஈரத்துணியால் இறகைத் துடைத்தேன். வெளுத்த கொண்டையில் துளி விளக்கெண்ணெய் தடவினேன். அதற்கு ஒரு பவிசும் வரவில்லை.

வழக்கமாகப் பத்துப் பேராவது நிற்கிற பெரிய வீட்டு வாசல். அன்றைக்கு எங்களைத் தவிர வடக்குத் தெருக் கிழவர் ஒருவர்தான். மிராசுதார் வெளியே வரவில்லை. உடம்பு சரியில்லை என்றார்கள். உள்ளே அவர் இருமாமல் சிரித்துப் பேசுவது எங்களுக்கு நன்றாகக் கேட்டது.

ஏஜெண்ட் கோவிந்தசாமி வந்தார். பண்ணைக் காரியம் முழுக்க அவர் கையில்தான். கோழியைத் தூக்கிப் பார்த்தார், நெஞ்செலும்பைத் தடவினார், கவிழ்த்து வயிற்றைப் பார்த்தார்.

"ஏய் வைரக்கண்ணு, என்னப்பா இது? அடையில கெடக்கறதையா தூக்கிக்கிட்டு வந்திருக்க?"

"கழிச்சல்ல எல்லாம் போச்சுங்க. இது ஒண்ணுதான்..."

"சரி சரி, வச்சுட்டுப் போ."

எடுத்து உள்ளே வை என்று சொல்லவில்லை. துண்டும் தரவில்லை. திரும்பக் கொண்டுபோ என்றும் சொல்லவில்லை. வீட்டைப் பார்த்துத் திரும்பினோம். கையில் தட்டு இல்லை என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

பதினைந்து நாள் கழித்துப் பாத்திமுத்து அக்கா வந்து, கூடையை இறக்கி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஒங்க கோழிய ஏஜெண்டு தன் வூட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டாருடி. அடைக்கோழிக் கறி ஆவாதுன்னு அவரு பொண்டாட்டி அறுக்க வுடல. முட்டை வைக்கும்னு பாத்தா, அது ஒரலுக்குள்ள போயி ஒக்காந்துருக்கு. மாவாட்டறதுக்கு அந்தம்மா அதைத் தூக்குனா, கைய கிழிச்சு வச்சிருக்கு. தெனமும் சண்டை அந்த வூட்டுல."

என்னைக் கொத்தாத கோழி அவர்களைக் கொத்தியது என்று கேட்டதும் எனக்குக் கொஞ்சம் நிறைவாகத்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்தில்

சம்பா அறுத்து, குத்தகை நெல்லை அளந்து போட்டு, வைக்கோல் போரும் போட்டாயிற்று. வெயில் ஏறிய ஒரு நாளில் பதிவு செய்கிற அதிகாரி ஊருக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தார். நடுவயசுக்காரர். நாலு ஊரை முடித்துவிட்டு வந்திருந்தார் போல, கண்ணைக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். நாங்கள் பெண்கள் ஜன்னல் பக்கம் வெளியில் நின்றோம். செல்லம்மா என் பக்கத்தில் நின்றாள்.

முதலில் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். கணக்கப்பிள்ளை சாகுபடிக் கணக்கான அடங்கலைப் பிரித்து, "சொந்தப் பண்ணைன்னு இருக்குங்க" என்றார். கோவிந்தசாமி எழுந்து, "இவன் கூலிக்கு ஏர் ஓட்டறவன் சார். குத்தகையெல்லாம் கெடையாது" என்றார். வாய் கூசாமல் சொன்னார்.

"உன்கிட்ட ரசீது இருக்கா?" என்று கேட்டார் அதிகாரி.

"இல்லைங்க."

"சாட்சி?"

ஊர் முழுக்க அங்கேதான் நின்றது. யாரும் வாய் திறக்கவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், எல்லாருக்கும் பெரிய வீட்டில் ஏதோ ஒரு காரியம் இருந்தது. என் வீட்டுக்காரர் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். பேசுங்களேன், ஏதாவது பேசுங்களேன் என்று எனக்கு உள்ளே எரிந்தது. இரண்டு தலைமுறையாக உழுத நிலம், இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அந்த நேரத்துக்குள் போகப்போகிறது என்று தோன்றியது.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் கத்தினேன்.

"போகிக்குத் தட்டு வச்சோம்ங்க! ஏஜெண்டுதான் வாங்கினாரு!"

"தட்டாவது ஒண்ணாவது. இவங்க ஒண்ணும் கொண்டு வரல சார்" என்றார் கோவிந்தசாமி.

"கோழி கொண்டாந்து குடுத்தோமே! நல்ல கொழுத்த வெடைக்கோழி!"

நான் சொன்னது பச்சைப் பொய். கோவிந்தசாமிக்குப் பொறுக்கவில்லை. உண்மையான கோபத்தோடு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"எதுடி கொழுத்த கோழி? அடைக்கோழியைக் கொண்டாந்து எந்தலையில கட்டிட்டு, கொழுத்த கோழியாம்! மூணு மாசமா ஒரல்ல ஒக்காந்துக்கிட்டு ஒரு முட்டை வச்சிருக்குமா? எம் பொண்டாட்டி கைய வந்து பாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளைகூட வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. பேனாவை மேஜை மேல் வைத்துவிட்டுக் கோவிந்தசாமியைப் பார்த்தார்.

"நானும் இந்த ஜில்லாக்காரன்தான். ஏர் ஓட்டற கூலிக்காரன் போகிக்கு உங்களுக்கு எதுக்குய்யா கோழி கொண்டு வரான்?"

அதிகாரி கோவிந்தசாமி சொன்னதை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார். எழுதியதில் அடைக்கோழி, உரல் எல்லாம் இருந்தது. வைரக்கண்ணு, எட்டு மா, குத்தகை என்று பதிவாயிற்று.

இந்த ஐம்பது வருஷமாக ஊரில் சொல்கிறார்கள், தையல்நாயகி தந்திரமாகப் பொய் சொல்லி ஏஜெண்டை மடக்கிவிட்டாள் என்று. நானும் மறுக்காமல் இருந்துவிட்டேன். இப்போது இங்கே எழுதிவிடுகிறேன். தந்திரமும் இல்லை, மண்ணும் இல்லை. வெட்கம். ஊரே நிற்கிற இடத்தில் மட்டமான கோழியைக் கொடுத்தவள் என்று பெயர் வாங்க எனக்கு மனசில்லை, அதனால் பொய் சொன்னேன். அவரும் அப்படித்தான், மட்டமான கோழியை வாங்கி ஏமாந்தவர் என்று பெயர் வாங்க அவருக்கு மனசில்லை. இரண்டு பேருக்கும் வாய் அடங்கவில்லை. நிலம் எங்கள் பக்கம் வந்தது.

அடுத்தது சிங்காரம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். சட்டம் என்ன சொல்கிறது என்று கணீரென்று பேசினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கோவிந்தசாமியைப் பார்த்தார்.

கோவிந்தசாமி இந்தத் தடவை அவசரப்படவில்லை.

"போன வருஷம் வரைக்கும் குத்தகைக்காரந்தான் சார், இல்லேங்கல. பொங்கலுக்கு முன்னாடியே விட்டுட்டான். கடைசியா கூலிக்குத்தான் அறுத்தான். அதான் இந்தப் போகிக்குத் தட்டு வைக்கல. ஊரையே கேட்டுப் பாருங்க."

அதிகாரி சிங்காரத்திடம் கேட்டார். "தட்டு வச்சியா?"

"நான் எதுக்குங்க வைக்கணும்? மானமுள்ளவன்..."

"வச்சியா, இல்லையா?"

"வைக்கல."

"ரசீது?"

சிங்காரத்திடம் அதுவும் இல்லை. அவரே வயலுக்கு வயல் போய்ச் சொன்னதுதான், இந்த வருஷம் தட்டு கிடையாது என்று. ஊருக்கே தெரியும். இந்தத் தடவை கேட்டதற்கு ஊர் வாயைத் திறந்தது. "ஆமாங்க, வைக்கல" என்றார்கள் இரண்டு மூன்று பேர்.

அதிகாரி ரொம்ப நேரம் கண்ணைக் கசக்கினார். பத்து நாள் வாய்தா கொடுத்து, வேறு ஏதாவது ருசு இருந்தால் மன்னார்குடிக்குக் கொண்டுவரச் சொன்னார். ஜன்னலில் என் பக்கத்தில் நின்ற செல்லம்மாவைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பார்த்தபோது அவள் அங்கே இல்லை.

கொல்லைப் பக்கம்

அன்றைக்கு என் வீட்டுக்காரர் சோறு சாப்பிடவில்லை. "அவன் சொன்னதுதான் சரி தையலு. நாந்தான் பயந்துக்கிட்டுப் போனேன்" என்று இரண்டு தரம் சொன்னார். நிலம் கிடைத்த வீடு மாதிரியே இல்லை. எனக்குக் கை காலெல்லாம் அடித்துப் போட்டது மாதிரி இருந்தது. படுத்ததும் தூங்கிவிட்டேன். தூங்கினேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் காலை சாணி தெளித்துக்கொண்டிருந்தபோது கொல்லைப் பக்கம் யாரோ செருமினார்கள். செல்லம்மா. தலை வாரி, பொட்டு வைத்து, வெளியூருக்குப் போகிறவள் மாதிரி வந்திருந்தாள். இடுப்பில் கூடை. கூடையில் ஒரு சீப்புப் பழம், ஒரு பூசணிக்காய்.

"உள்ள வா செல்லம்மா" என்றேன்.

"இல்லக்கா. அவரு வயலுக்குப் போயிருக்காரு. வர்றதுக்குள்ள போவணும்."

கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஒரு கோழி இருந்தா குடுக்கா. நானே கொண்டுபோய்ப் பெரிய வூட்டுல வச்சுட்டு வந்துடறேன். அவருக்குத் தெரிய வேணாம்."

"சித்திரையில ஏது செல்லம்மா தட்டு? அது போகிக்குத்தானே..."

"தெரியும்க்கா. லேட்டாயிட்டுது, உடம்புக்கு முடியலன்னு சொல்லிக் குடுக்கறேன். வாங்கிக்க மாட்டாங்களா?"

மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். மூலையில் சாய்த்து வைத்திருந்த பஞ்சாரத்தைக் காட்டினேன். "என்கிட்ட ஏது கோழி? அந்தச் சனியன் ஒண்ணுதான் இருந்துது. அதையும் அங்க குடுத்தாச்சு."

அவள் பஞ்சாரத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நான் இருக்கிற கோழியை இல்லை என்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

"அடைக்கோழியா இருந்தாலும் பரவால்லக்கா" என்றாள்.